மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு எப்படித் தேறுவார் என்று கணினி சொல்வதை நம்பலாமா?

"முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளி எப்படித் தேறுவார் என்பதை இயந்திரக் கற்றல் சரியாகக் கணிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய நோயாளிகளின் விவரங்களைப் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொண்டு கணிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வீட்டில் யாருக்கோ தேதி குறித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எந்த மெஷின் எப்போது பழுதாகும் என்று கணிப்பதுதான் என் பிழைப்பு. சொந்த ஊர் பென்னாகரம் பக்கம்.

அம்மாவுக்கு 64 வயதில் வலது முழங்கால் மாற்றினோம். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். வயது, எடை, சர்க்கரை, ரத்த அளவு, வலி எல்லாவற்றையும் டேப்லெட் கணினியில் தட்டினார்கள். அதிலிருந்த கணிப்பு மென்பொருளில், ஆறு வாரத்தில் நன்றாகத் தேற 87 சதவீத வாய்ப்பு என்று வந்தது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கீழ உக்காந்து களி கிண்ட முடியுமா கண்ணு?" நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த 87ஐக் காட்டிக் காட்டியே சம்மதிக்க வைத்தேன். என் தொழில் ஆயிற்றே!

ஆறு வாரம் கழித்துக் கால் 65 டிகிரிதான் மடங்கியது. நாற்காலியிலிருந்து எழவே 90 டிகிரி வேண்டும். மயக்க மருந்து கொடுத்து மறுபடி மடக்கிவிட்டார்கள். அன்று ராத்திரி அம்மா என்னிடம் பேசவே இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு எங்கள் ஊரில் கிணறும் போர்வெல்லும்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது கணக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அதைத் தாண்டிய ஊர்கள் எத்தனையோ. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை. பல வருடம் குடித்தால் எலும்போடு தசைநார்களும் சுண்ணாம்பு படிந்து இறுகும். அம்மாவின் எக்ஸ்ரேயிலும் அந்தச் சுண்ணாம்புப் படிவு தெரிந்தது. அதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் டேப்லெட்டில் 'எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்' என்று யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்பு கால் எவ்வளவு மடங்கியது என்பதையும் கேட்கவில்லை. பின்னால் எவ்வளவு மடங்கும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. 'தேறுவது' என்றால் எது என்பதையும் யாரும் கேட்கவில்லை. நோயாளி எப்படி இருக்கிறார் என்று அளக்க இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண் என்று 12 கேள்வி, மொத்தம் 48 மதிப்பெண். காரில் ஏறி இறங்குவது, கடைக்குப் போவது, மண்டியிடுவது எல்லாம் உண்டு. சம்மணம் போட்டு உட்காருவது அதில் இல்லை. அப்படிப்பட்ட மதிப்பெண்ணைப் பார்த்துக் கற்ற கணினிக்குக் களி எங்கே தெரியும்?

உடனே "சார் விஞ்ஞானத்துக்கு எதிரி" என்று ஆரம்பிக்காதீர்கள். 87 என்றால் நூறில் 13 பேர் தேறமாட்டார்கள் என்றும்தான் அர்த்தம். தொழிற்சாலையில் மேனேஜரிடம் இதை வாரம் ஒருமுறை சொல்கிறவன் நான். அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்கள் எந்த ஊர் நோயாளிகளை வைத்துப் பழக்கிய மென்பொருள் என்று கேளுங்கள். நான் கேட்டபோது "வெளிநாட்டு சாஃப்ட்வேர் சார்" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பிசியோவுக்கு வாரம் மூன்று நாள் தர்மபுரி போக வேண்டும். வாக்கரோடு நிற்கிற கிழவியைப் பார்த்தால் டவுன் பஸ் முப்பது அடி தள்ளிப் போய்த்தான் நிற்கும். பெண்களுக்கு டிக்கெட் இல்லையாம், அந்த இளக்காரம்! ஏறுவதற்குள் விசில் வேறு.

இப்போது 14 மாதம். 105 டிகிரி மடங்குகிறது, ரேஷன் கடைக்குத் தானே நடந்து போகிறார். களி கிண்டுவது அப்பா. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து திட்டுவதோடு சரி. இடது காலையும் மாற்றச் சொல்கிறார் டாக்டர். "அந்தப் பலகையில தட்டாம அவரையே வாயால சொல்லச் சொல்லு, வர்றேன்" என்கிறார் அம்மா.