ஹடர்ஸ்ஃபீல்டுல எல்லாருமே சைக்ஸா? தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, திருப்பூர்ல இருந்து இங்கிலாந்துல இருக்கற ஹடர்ஸ்ஃபீல்டு மில்லுக்கு வேலைக்கு வர்றதா எழுதியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போட்ட மேனேஜர் சைக்ஸ், எச்.ஆர்ல இருந்து மெயில் அனுப்பற அம்மாவும் சைக்ஸ், வீடு காட்டற ஏஜென்ட்டும் சைக்ஸ், இவங்கெல்லாம் ஒரே குடும்பமா இல்ல சாதிப் பேரான்னு கேட்டிருக்கீங்க. அதோட சர்நேம் கட்டத்துல நான் என்ன போடறது, குளிருக்கு என்ன வாங்கறது, அரிசி பருப்பு கிடைக்குமான்னும் கேட்டிருக்கீங்க. குளிரும் அரிசியும் யூடியூப்ல ஆளாளுக்கு சொல்லுவாங்க. பேர் விஷயத்தை யாரும் சொல்ல மாட்டாங்க, நான் வந்தப்ப எனக்கும் சொல்ல ஆள் இல்ல, அதனால அதைத்தான் விலாவாரியா எழுதறேன்.

சாதி இல்லைங்க தம்பி, அந்தக் கேள்வியை இங்க வந்து யார்கிட்டயும் கேட்டுறாதீங்க. அது நெலத்தோட பேரு. சைக்குன்னா மேட்டுல ஈரம் ஊறி சரிவுல இறங்கி வர்ற சின்ன ஓடை, வெயில் காலத்துல வத்திக் கூடப் போயிரும். நம்ம பக்கம் ரெண்டு காட்டுக்கு நடுவுல இட்டேரி போற மாதிரி இங்க ஒருத்தர் நெலத்துக்கும் இன்னொருத்தர் நெலத்துக்கும் எல்லையா அந்த ஓடை கிடக்கும். இந்தப் பென்னைன் மலைப்பக்கத்துக்கு ஆர்ட்னன்ஸ் சர்வேன்னு அரசாங்கம் போடற மேப்பை விரிச்சீங்கன்னா இன்னைக்கும் சைக்னு முடியற ஓடைப் பேருங்க நிறைய இருக்கும்.

1066ல நார்மன்காரங்க வந்த பின்னாடி பெரிய நெலக்காரங்களுக்குத்தான் முதல்ல குடும்பப் பேர் வந்துச்சு, சாதாரண ஜனத்துக்கு அது வந்து சேர 13, 14ம் நூற்றாண்டு ஆயிருச்சு, வடக்குல இன்னும் மெதுவா. ஊருக்குள்ள எங்க திரும்பினாலும் ஜான், வில்லியம், ரிச்சர்டுதான், வரி எழுத வர்றவன் எந்த ஜான்னு எழுதுவான்? ஓடையோரத்து ஜான், மேட்டு ஜான், காட்டோர ஜான். நேஷ்னு ஒரு பேர் கேட்டிருப்பீங்க, ஆஷ் மரத்துக்கிட்ட குடியிருந்தவனை அட்டன் ஆஷ்னு சொன்னதுல முன்னாடி இருந்த ந் வந்து ஒட்டிக்கிட்டதுதான் அது. 1379ல தலைவரி போட்டப்ப யார்க்‌ஷயர் வெஸ்ட் ரைடிங்ல, அதாவது மேற்குப் பகுதியில, ஊர் ஊரா பேர் எழுதின பட்டியல் இன்னமும் இருக்கு, அப்பா தொழில் பேர், ஊர்ப் பேர், நெலப் பேர் எல்லாம் அதுல பாக்கலாம். அடுத்த தடவை வரி கேட்டப்பதான் 1381ல குடியானவங்க பொங்கி லண்டனுக்கே கிளம்பிட்டாங்க. அப்புறம் 1538ல ராஜாவோட மந்திரி தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு சர்ச்சுலயும் கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எல்லாத்தையும் பதியணும்னு ஆர்டர் போட்டார், அதோட பேர் நல்லா இறுகிருச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், ஒரே குடும்பமா? இதைக் கேட்டது நீங்க மட்டும் இல்ல. ஆக்ஸ்ஃபோர்டுல பிரையன் சைக்ஸ்னு ஜெனடிக்ஸ் பேராசிரியர் இருந்தார், அவர்கிட்டயும் மருந்துக் கம்பெனி கிளாக்ஸோவுக்கு அப்ப சேர்மனா இருந்த சர் ரிச்சர்டு சைக்ஸ் உங்களுக்குச் சொந்தமான்னு கேட்டிருக்காங்க. அவர் சும்மா விடல, யார்க்‌ஷயர், லங்காஷயர், செஷயர்ல இருக்கிற சைக்ஸ் ஆம்பளைங்களுக்கு லெட்டர் போட்டு சாம்பிள் வாங்கி, அப்பா வழியா மட்டும் இறங்கற ஒய் குரோமோசோமைப் பார்த்தார். ஓடை ஆயிரம் இருக்கு, அதனால இந்தப் பேரும் நூறு எடத்துல தனித்தனியா மொளைச்சிருக்கும்னுதான் எல்லாரும் நினைச்சிருந்தாங்க. 2000ல ரிசல்ட் வந்தப்ப 48 பேர்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரே முத்திரை, அதாவது எழுநூறு வருஷம் முன்னாடி ஏதோ ஒரு ஓடையோரத்து மனுஷன் வம்சம். மீதிப் பேர் வேற வேற, தத்தெடுத்தது, தாய் பேரை வச்சது, வீட்டுக்குத் தெரியாம பொறந்ததுன்னு எல்லாம் சேர்ந்தா தலைமுறைக்கு நூத்துக்கு ஒண்ணு சொச்சம் வந்தாலே இத்தனை வருஷத்துல அவ்வளவு ஆயிரும்னு கணக்குச் சொன்னார். ஆக உங்க மேனேஜரும் ஏஜென்ட்டும் ரொம்ப தூரத்துப் பங்காளிங்களா இருக்கலாம், அது அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

ஹடர்ஸ்ஃபீல்டை ஒட்டின இந்தக் கோன் பள்ளத்தாக்குல அவங்க இவ்வளவு நெருக்கமா இருக்கறதுக்குக் காரணம் தறிதாங்க. மேட்டு நெலத்துல வெளைச்சல் குறைவு, அதனால கொஞ்சம் ஆடு மாடு வச்சுக்கிட்டு வீட்டு மாடியில தறி போட்டு கம்பளி நெய்வாங்க, வெளிச்சத்துக்காக வரிசையா ஜன்னல் வச்ச அந்த வீடுங்க இப்பவும் நிக்குது, அவசியம் போய்ப் பாருங்க. தறி இருந்ததால பையங்க ஊரை விட்டுப் போகல. அப்புறம் மில்லு வந்து, கால்வாய் வந்து, 1811ல மார்ஸ்டன்கிட்ட மலையைக் குடைஞ்சு ஸ்டான்எட்ஜ் சுரங்கம் திறந்து, ரயிலும் வந்த பின்னாடி லங்காஷயர் பக்கம் சுலபமா போக வர முடிஞ்சுது, அங்கிருந்து ஆஸ்திரேலியா அமெரிக்கான்னு பேர் பரவிருச்சு. காமெடி நடிகர் எரிக் சைக்ஸ் பொறந்தது ஓல்டம்ல. 1916ல மத்தியக் கிழக்கைப் பிரிச்சு ஒப்பந்தம் போட்ட மார்க் சைக்ஸோட குடும்பமும் யார்க்‌ஷயர்தான், கிழக்குப் பக்கம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, நான் சேர்ந்த மில்லுல தறி ரிப்பேர் பாக்கற பெரியவர் ஒருத்தர், இங்க டியூனர்ம்பாங்க, அவரும் சைக்ஸ்தான். நான் தறி ஓட்டுனவன்னு தெரிஞ்சதும் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போய் மேட்டுல ஒரு ஓடையைக் காட்டினார். அந்த மனுஷன் எனக்கு நூல் கட்டச் சொல்லிக் குடுத்தது, ஸ்லெய்த்வெயிட்னு எழுதற ஊரை ஸ்லாவிட்னு சொல்லப் பழக்கினது, எதையும் மறக்க முடியாது. இன்னைக்கு நான் அந்த ஊர்ச் சந்தையில நின்னு அவங்க பேச்சுலயே பேசிருவேன், அதுல எனக்குப் பெருமைதான்.

உங்க பேருக்கு வருவோம், இதைக் கவனமாப் படிங்க. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா விட்டு வராதீங்க. ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொரு மாதிரி உடைச்சு எழுதுவாங்க. ஒரு கம்பெனியில என் சம்பளச் சீட்டுல எங்கப்பா பேரை முதல் பேராப் போட்டு ரெண்டு வருஷம் அப்படியே கூப்பிட்டாங்க, எங்கப்பா காலமாகி ஆறு மாசம் கூட ஆகாத நேரம், பழனிசாமி டீ குடிக்க வர்றியான்னு கேக்கறப்ப எல்லாம் எனக்கு வயித்தைப் பெசையும். இனிஷியலை விரிச்சு அப்பா பேரையோ ஊர்ப் பேரையோ சர்நேமாப் போடுங்க, ஊர்ப் பேர் நமக்கும் புதுசு இல்ல, சி.என். அண்ணாதுரைன்னா அந்த சி காஞ்சீவரம்தானே. பாஸ்போர்ட்டை விசாவுக்கு முன்னாடியே மாத்துங்க. இங்க தங்கற அனுமதிக்குக் குடுத்த பி.ஆர்.பி கார்டு போயி இப்ப ஆன்லைன்ல இருக்கற இ-விசா, அதுல இருக்கற எழுத்தே டிக்கெட், பேங்க், நேஷனல் இன்ஷூரன்ஸ், ஜி.பின்னு சொல்ற ஏரியா டாக்டர், வாடகை ஒப்பந்தம் எல்லாத்துலயும் இருக்கணும். சர்டிஃபிகேட்ல வேற மாதிரி இருந்தா ரெண்டும் ஒரே ஆள்னு நோட்டரி அஃபிடவிட் ஊர்லயே வாங்கிட்டு வாங்க.

இன்னொண்ணு, வந்த ரெண்டாம் மாசமே செந்திலை ஸ்டீவ்னு மாத்திக்கிற நம்மாளுங்க இருக்காங்க, அவங்க பேச்சைக் கேக்காதீங்க. பாரக்ளஃப், மர்கட்ராய்டுன்னு வாயில நுழையாத பேரை எல்லாம் நாம கத்துக்கறோம், அவங்களும் நம்ம பேரைக் கத்துக்குவாங்க, பொறுமையா ரெண்டு தடவை சொல்லிக் குடுங்க. அதே மாதிரி, எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெருன்னு நைசா சாதி விசாரிக்கிற கூட்டமும் இங்க இருக்கு, அங்க போகவே போகாதீங்க.

மேனேஜரை மிஸ்டர் சைக்ஸ்னு கூப்பிட வேண்டியதில்ல, முதல் நாளே அவர் சொல்ற முதல் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, சார் வேண்டாம். ஜாக்கெட் இங்க வந்து வாங்கிக்கலாம், திருப்பூர்ல வாங்கறது இந்த மழைக்குத் தாங்காது. அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் பிராட்ஃபோர்டுல கிடைக்கும்.