திருகோணமலையில் ஒரு புதிய இடைநிலைப் பாடசாலை: கட்ட முன்னர் கேட்கவேண்டிய கேள்விகள்

கணக்குக்கு வசதியாக எல்லாப் பதில்களிலும் ஒரே பாடசாலையை வைத்துக்கொள்கிறேன். தரம் 6 முதல் 9 வரை, தரத்துக்கு இரண்டு பிரிவு, பிரிவுக்கு 35 பேர். ஆக 280 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும். பிரதான கட்டடம் இரண்டு மாடி, நூறுக்கு இருபத்தைந்து அடி. மாடிக்கு 20க்கு 25 அடியில் ஐந்து அறை. உங்கள் எண்ணிக்கை வேறென்றால் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

உப்புவெளியிலிருந்து: சேர், எங்களுக்குத் தந்த மாதிரி வரைபடத்தில் திசையே போடவில்லை. கட்டடம் ரோட்டைப் பார்க்கவேண்டும் என்று எல்லாரும் நிற்கிறார்கள். ரோடு கிழக்கே. அப்படியே வைக்கலாமா?

மாதிரி வரைபடம் எந்த ஊருக்கும் பொருந்துவதுபோல் வரையப்பட்டது. திசை போடுவது உங்கள் வேலை. ரோட்டைப் பார்க்கவேண்டியது கேற்றும் பெயர்ப்பலகையும்தான், வகுப்பறை அல்ல.

கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். விறாந்தை தெற்கே, பெரிய யன்னல்கள் வடக்கே. கரும்பலகையைக் கிழக்குச் சுவரில் வைத்தால் பிள்ளைகளின் இடக்கைப் பக்கம் வடக்கு வெளிச்சம் விழும். எழுதும் கையின் நிழல் கொப்பியில் விழாது.

திருகோணமலை ஏறக்குறைய 8½ பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகல் வெயில் தெற்கே 58 பாகை உயரத்தில் நிற்கும். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கால் போகும். ஜூனில் நண்பகல் உயரம் 75 பாகை. கூரை விளிம்பிலிருந்து யன்னல் அடிவரை 6 அடி என்றால், தெற்கில் 3¾ அடி நிழல் நீட்டல் வேண்டும், வடக்கில் 1¾ அடி போதும். 8 அடி விறாந்தை தெற்கைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் வடக்கில் வெயிலை மட்டும் கணக்குப் பார்த்தால் மாரியில் மாட்டிக்கொள்வீர்கள். வாடைக்காற்றோடு வரும் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். தூவானம் முதல் இரண்டு வரிசை மேசையை நனைக்கும், பிள்ளைகள் யன்னலைச் சாத்துவார்கள், அறை இருண்டுபோகும். இதற்காகக் கூரைத் தகட்டை 4 அடி வெளியே நீட்டாதீர்கள். புயல் பிடிப்பதற்கு அதைவிடச் சுகமான பிடி கிடையாது. கூரையை 2 அடியோடு நிறுத்தி, யன்னலுக்கு மேலே 2½ அடி கொங்கிரீட் சன்சேட் போடுங்கள்.

காணி ஒடுக்கமாகி வடக்குத் தெற்காகத்தான் நீட்டவேண்டும் என்றால், 8 அடி விறாந்தையைக் கிழக்கே வையுங்கள். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. வகுப்பைக் கெடுப்பது மாலை வெயில் அல்ல, காலை வெயில். எட்டு மணிக்குச் சூரியன் 28 பாகை அளவில் நிற்கும். விறாந்தை பீம் 8 அடி உயரத்தில் இருந்தால் நிழல் சுவரில் தரையிலிருந்து 3¾ அடி உயரம் வரை இறங்கும். யன்னல் அடி 3½ அடியில் என்றால் ஏறக்குறைய முழுதும் மறைந்துவிடும்.

கிண்ணியாவிலிருந்து: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். எங்கள் பக்கம் ஒரு பாடசாலையில் கட்டி அதிக காலமாகவில்லை, தூண் எல்லாம் நெடுக்காக வெடித்துக் கம்பி துருவோடு வெளியே தெரிகிறது. கம்பி நல்ல கம்பிதான் என்கிறார்கள். பிறகேன் இப்படி?

வஅலைக்கும் ஸலாம். கம்பியில் பிழை இல்லாமலும் இது நடக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே ஊதும்போது மேலுள்ள கொங்கிரீட் கம்பி போன வழியே வெடிக்கும். வெடிப்பு நெடுக்காக நேர்கோட்டில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், துருதான்.

உப்பு மூன்று வழியால் வரும். ஒன்று, கடற்கரை மணல். இரண்டு, கலவைக்கும் நனைப்பதற்கும் எடுக்கும் கிணற்றுத் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற தண்ணீர் வேண்டாம், பவுசரில் எடுப்பியுங்கள். மூன்றாவது காற்று, அதைத் தடுக்கமுடியாது, தாமதப்படுத்தலாம். அதற்குத்தான் கம்பிக்கு வெளியே 2 இஞ்சி கொங்கிரீட் மூடல். சல்லிக்கல்லையும் உடைந்த ஓட்டையும் செருகி இடைவெளி வைத்தால் கொங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேற்றர் போட்டதும் அவை விழுந்துவிடும், கம்பி அச்சுப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கம்பிக்கும் பலகைக்கும் இடையில் வைக்க அதே கலவையில் 2 இஞ்சிக் கட்டைகள் வார்த்து, நடுவில் கட்டுக்கம்பி வைத்து, முன்கூட்டியே நனைத்துக் காயவைத்து எடுங்கள்.

மற்றது தண்ணீரின் அளவு. 50 கிலோ பை ஒன்றுக்கு 25 லீற்றருக்கு மேல் போகக்கூடாது, மணலின் ஈரமும் அதற்குள் அடக்கம். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று மேசன் ஒரு வாளி கூட்டி ஊற்றினால் வேலை இலகு, ஆனால் அந்தத் தண்ணீர் ஆவியான வழியெல்லாம் உப்புக்கு வாசல்.

அளப்பதற்குப் பெட்டி செய்யுங்கள்: உட்பக்கம் 12 இஞ்சி, 12 இஞ்சி, உயரம் 15 இஞ்சி. அது 1¼ கன அடி, சரியாக ஒரு பை சீமெந்து. தூணுக்கும் பீமுக்கும் ஒரு பைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, முக்கால் இஞ்சிச் சல்லி மூன்று பெட்டி. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு கலவை எழுதியிருந்தால் அதுதான் சட்டம். சவள் கணக்கு வேண்டாம். ஈரமணல் ஊதிப்போய் அளவை ஏமாற்றும்.

தம்பலகாமத்திலிருந்து: காசு ஓகஸ்டில்தான் வருமாம். டிசம்பருக்குள் செலவு காட்டவேண்டும். எப்படியும் மேல்மாடிக் கொங்கிரீட் தட்டு வரை ஏற்றிவிடலாமா?

ஏற்றவேண்டாம். நமக்குப் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. வருடக் கணக்கு டிசம்பர் 31இல் மூடுகிறது. இரண்டும் முட்டும் இடத்தில்தான் மோசமான கொங்கிரீட் உருவாகிறது.

நல்ல ஒழுங்கு இதுதான்: பெப்ரவரியில் அத்திவாரம், ஜூனுக்குள் மேல்தட்டு, செப்டெம்பர் முடிய முன்னர் கூரை, மழைக்குள் பூச்சும் கதவு யன்னலும், ஜனவரியில் பிள்ளைகள். ஓகஸ்டில் காசு வந்தால் அத்திவாரமும் தரைமட்ட பீமும் போட்டு மண் நிரப்பி நிறுத்துங்கள். கதவு யன்னலைச் செய்யக் கொடுங்கள், மலசலகூடத்தை முடியுங்கள். மேலே நீட்டி நிற்கும் தூண் கம்பிகளுக்குச் சீமெந்துப் பால் பூசிப் பொலித்தீன் சுற்றிவிடுங்கள்.

கோடையில் வேறு பொல்லாப்பு. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் நாளில் பகல் பதினொரு மணிக்குத் தட்டு ஊற்றினால், மேசன் தேய்த்து முடிக்க முன்னரே மேற்பரப்பு கோழிக்கால் கீறியதுபோல் வெடிக்கும். விடியற்காலை தொடங்குங்கள். தேய்த்ததும் பொலித்தீன் மூடி, இறுகியதும் ஈரச்சாக்கு, அடுத்த நாள் வரம்பு கட்டித் தண்ணீர். ஏழு நாளுக்குக் குறையக்கூடாது, கச்சானில் பத்து நாள்.

நிலாவெளியிலிருந்து: மலசலகூடம் எத்தனை? எங்கே? ஒவ்வொரு மாரிக்கும் குழி நிரம்பி வழிகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: பெண்பிள்ளைகள் 25 பேருக்கு ஒன்று, ஆண்பிள்ளைகள் 50 பேருக்கு ஒரு மலசலகூடமும் ஒரு சிறுநீர் இடமும். பாதிக்குப் பாதி என்றால் பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 3உம் 3உம். ஆசிரியர்களுக்கு வேறு. இது 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் பாடசாலை, ஆகவே பெண்பிள்ளைகளின் ஒவ்வொரு அறைக்குள்ளும் தண்ணீர்க் குழாய், மூடியுள்ள வாளி, உடுப்பு மாட்டக் கொளுக்கி, உள்ளே பூட்டு. கதவுக்குக் கீழே அரை அடி இடைவெளி விட்டால் பிள்ளைகள் போகமாட்டார்கள். வரைபடத்தில் இந்த நான்கும் அநேகமாக இருக்காது, எழுதிச் சேர்ப்பியுங்கள்.

இடம்: வாடை வடகிழக்கால், கச்சான் தென்மேற்கால். அந்த இரண்டு மூலையிலும் வைத்தால் ஏதோவொரு பருவத்தில் மணம் வகுப்புக்கு வரும். வடமேற்கோ தென்கிழக்கோ வையுங்கள். கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி.

குழி வழிவதற்குக் காரணம் நிலத்தடி நீர். ஓகஸ்டில் தோண்டினால் ஆறடியிலும் வறண்ட மணல், டிசம்பரில் இரண்டடியில் தண்ணீர். கோடையில் அளந்து கட்டிய ஊறல் குழி மாரியில் கிணறாகிவிடும். டிசம்பரில் ஒரு சோதனைக் குழி வெட்டித் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்து, ஊறல் பகுதியின் அடி அதற்கு மேலே வரும்படி மலசலகூடத் தரையையே உயர்த்துங்கள். நாலு படி ஏறவேண்டிவரும், பரவாயில்லை.

தண்ணீர்: ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் கைகழுவவும் 5 லீற்றர், வாளி ஊற்றும் மலசலகூடத்துக்கு 3 லீற்றர். 300 பேருக்கு 2,400 லீற்றர். கூரைப்பரப்பு 3,000 சதுர அடி என்றால் 10 மில்லிமீற்றர் மழையில் 2,200 லீற்றர் அளவில் பிடிக்கலாம். மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் அதைத் திருப்பிவிடுங்கள்.

மூதூரிலிருந்து: காணி பள்ளம். எவ்வளவு உயர்த்துவது?

பழைய ஆட்களைக் கேட்டு வெள்ளம் வந்த அதிக மட்டத்தைச் சுவரில் குறியுங்கள். அதற்கு மேல் 2 அடி தரைமட்டம். மண்ணை 6 இஞ்சிப் படையாகப் போட்டு நனைத்து இறுக்கவேண்டும். லொறியால் கொட்டிப் பரப்பினால் இரண்டு மாரிக்குள் தரை இறங்கும். அத்திவாரம் நிரப்பு மண்ணில் நிற்கக்கூடாது, அதைத் தாண்டி மூலமண்ணில் உட்காரவேண்டும். மண் பரிசோதனைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகலாம்.

நகரத்திலிருந்து: புயலுக்குத் தகடா ஓடா நல்லது?

எது என்பதைவிட எப்படிக் கட்டியிருக்கிறது என்பதே முக்கியம். 2000 டிசம்பர் 26இல் ஒரு புயல் திருகோணமலைக் கரையைத் தாக்கியது, 2020 டிசம்பர் 2இல் புரெவி நகருக்கு வடக்கே கரையேறியது. காற்று கூரையை அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சும். தகடு, ரீப்பை, கைமரம், சுவர்த்தட்டு (சுவர்மேல் கிடக்கும் மரம்), மேல்பீம், தூண் என்ற சங்கிலியில் எந்தக் கண்ணி இளகினாலும் மிச்சமெல்லாம் வீண். சுவர்த்தட்டைப் பிடிக்க மேல்பீமில் 4 அடிக்கொரு 12 மில்லிமீற்றர் போல்ற்றை ஊற்றும்போதே புதையுங்கள். கைமரத்தைச் சுவர்த்தட்டோடு ஆணியால் மட்டுமல்ல, கல்வனைஸ் பட்டியாலும் கட்டுங்கள். தகட்டு ஓரங்களிலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்குரூ, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. சாய்வு 25 முதல் 30 பாகை. விறாந்தைக் கூரையைத் தனியாகக் கட்டுங்கள். பறந்தால் அது மட்டும் பறக்கட்டும்.

இன்னொருவரிடமிருந்து: சக்கரநாற்காலிப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். லிஃப்ற் வைக்கக் காசில்லை.

லிஃப்ற் தேவையில்லை. ஆய்வுகூடம், நூலகம், அந்தப் பிள்ளையின் வகுப்பு மூன்றையும் கீழ்மாடியில் வையுங்கள். அடுத்த வருடம் வகுப்பறையைக் கீழே மாற்றிக்கொள்ளலாம். சரிவுப்பாதை 12க்கு 1: தரை 2 அடி உயரம் என்றால் 24 அடி நீளம், திருப்பத்தில் 5 அடிச் சதுரத் தட்டு. பொதுக்கட்டடங்களுக்கான 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளே அணுகுவசதியைக் கட்டாயமாக்குகின்றன. யாரும் சலுகை செய்வதாக நினைக்கவேண்டாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கமொன்றிலிருந்து: நாங்கள் இஞ்சினியர் இல்லை. எதைப் பார்ப்பது?

ஒப்பந்தத்தோடு வரும் விலைப்பட்டியலின் பிரதியொன்றைக் கேட்டு வாங்குங்கள். ஊற்றும் நாளில் ஒருவர் அளவுப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒருவர் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் நின்றால் போதும். வலுவைச் சோதிக்க அதே கொங்கிரீட்டில் 6 இஞ்சிக் கட்டிகள் எடுத்துத் திகதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 7ஆம் நாள் முடிவு 28ஆம் நாள் வலுவில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கவேண்டும். பீமுக்குக் கீழே கொடுத்த முட்டுக்கால்களை 21 நாளுக்கு முன் கழற்ற விடாதீர்கள். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் கடைசியாகப் பிடித்துவைத்த பணத்தை ஒரு மாரி போகுமுன் விடச் சொல்லி யார் வந்தாலும் சம்மதிக்காதீர்கள், ஒழுக்கு மழையில்தான் தெரியும்.

சேர், காணியில் பெரிய வேம்பு ஒன்று நிற்கிறது. வரைபடத்துக்கு இடைஞ்சல் என்று வெட்டச் சொல்கிறார்கள்.

கட்டடத்தை 20 அடி தள்ளுங்கள். தென்னை நின்றால் மட்டும் பிள்ளைகள் நடமாடும் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.