தயிர் உறையாததற்குச் சுவரில் பூச்சு அடிப்பதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் சின்ன அளவில் தயிர் போட்டு விற்கிறேன். மூன்று வாரமாகச் சில நாள் உறையவே மாட்டேன் என்கிறது. கல்ச்சரில் (பாலை உறைய வைக்கப் போடும் உறை) இருக்கும் பாக்டீரியாவை வைரஸ் தாக்குகிறது, வெளிச்சம் பட்டால் வைரஸ் சாகிற மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, சுவரில் அடியுங்கள் என்கிறார் ஒருவர். நம்பலாமா?

பதில்: வைரஸ் என்றது கதை இல்லைம்மா. ஃபேஜ் என்பார்கள். நம்மை ஒன்றும் செய்யாது, பாக்டீரியாவுக்குத்தான் எமன். நியூசிலாந்தில் சீஸ் கல்ச்சர் திடீர் திடீரென்று படுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான் என்று 1935-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பால் கலந்தாலும் இதே கூத்துதான். அதனால் முதலில் அதே பாலில் கொஞ்சம் எடுத்து, வீட்டு அடுப்படியில் வேறு பாத்திரத்தில், புது பாக்கெட் கல்ச்சர் போட்டுப் பாருங்கள். அங்கேயும் உறையாவிட்டால் பாலைச் சந்தேகப்படுங்கள். உறைந்தால் ஃபேஜாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, பூச்சுக்கு வருவோம். பெரும்பாலும் அது டைட்டானியம் டை ஆக்சைடுதான், வெள்ளை பெயின்ட்டில் கிடக்கிற அதே சரக்கின் இன்னொரு வடிவம். அதன்மேல் புற ஊதாக் கதிர் விழுந்தால், காற்றிலும் ஈரத்திலும் இருந்து வீரியமான மூலக்கூறுகள் உண்டாகி வைரஸின் புரத உறையை அரித்துவிடும். 1972-இல் ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் இந்தப் பொருளின்மேல் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரையே பிரித்துக் காட்டினார்கள், அதிலிருந்து வளர்ந்த துறை இது. இதற்கு ஏறக்குறைய 388 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் வேண்டும், உங்கள் ஷெட்டில் தொங்கும் எல்இடி டியூப்பில் அது அனேகமாக இல்லை. அறை வெளிச்சத்திலேயே வேலை செய்யும் ரகங்களும் உண்டு. அவர் அதைத்தான் விற்கிறார் என்றால் சோதனைத் தாளைக் கேளுங்கள். சாதாரண ரகத்தை ஐஎஸ்ஓ 18061 என்ற சர்வதேசச் சோதனை முறையில் க்யூ-பீட்டா என்னும் ஃபேஜை வைத்தே சோதிப்பார்கள், ஆனால் புற ஊதா விளக்கின் கீழ், சுத்தமான தட்டையான தகட்டில், மணிக்கணக்காக. உங்கள் சுவரிலோ பால் தெறித்துக் காய்ந்து மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும், பூச்சு அந்தப் படலத்தை அரிப்பதிலேயே களைத்துவிடும்.

'99.9 சதவீதம்' என்று அவர் சொன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். தயிரின் மேல் நிற்கும் தெளிவுநீரில் ஒரு மில்லிக்குப் பத்துக் கோடி ஃபேஜ் இருந்தால், மிச்சம் ஒரு லட்சம். அதுவும் பூச்சைத் தொட்டவை மட்டும்தான் சாகும், பாலுக்குள் மிதப்பவற்றுக்கு அது தெரியவே தெரியாது.

அந்தக் காசுக்கு இரண்டு மூன்று வகை கல்ச்சர் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், நேற்றைய தயிரை உறைமோராக ஊற்றுவதை நிறுத்துங்கள், தெளிவுநீர் சிந்தின தரையைக் கழுவிவிட்டுக் குளோரின் கரைசல் விடுங்கள். கல்ச்சரைத் திறக்கிற மேசையைத் தயிர் அறையிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: அப்போ பால் கேனை வெயிலில் கவிழ்த்தால் போதாதா? (பாபநாசம் வாசகர்)

பதில்: வெயிலின் புற ஊதா ஃபேஜைக் கொல்லும்தான். ஆனால் கவிழ்த்த கேனுக்குள் வெயில் எங்கே போகிறது? மூடி ரப்பரைக் கழற்றிப் பாருங்கள், அடியில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒன்று இருக்கும். முதலில் அதைத் தேயுங்கள்.