கோயில் புளியோதரையில் ஏன் மிளகு?

கும்பகோணம் பக்கக் கோயில் புளியோதரையில் ஏன் மிளகாய்க்குப் பதில் மிளகு என்று கேட்டிருந்தீர்கள். மிளகாய் நம் ஊர்ப் பயிரே இல்லை, அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1498க்கு அப்புறம் போர்ச்சுகீசியர் வழியாகத்தான் இங்கே வந்தது, மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலோ 1010லேயே முடிந்துவிட்டது. அதன் கல்வெட்டுகளில் சாமி அமுதுக்கு மிளகு, கடுகு, சீரகம், புளி, நெய் வரும், மிளகாய்க்கு வழியே இல்லை. பல மடப்பள்ளிகள் இன்றும் அந்தப் பழக்கத்தை விடவில்லை (எனக்கு அதில் அவ்வளவு பெருமை), வந்தேறி என்று உருளைக்கிழங்கு, தக்காளியும் சேர்ப்பதில்லை. திருநாகேஸ்வரம் உப்பிலியப்பன் கோயிலில் நைவேத்தியத்துக்கு உப்பே கிடையாது. சரி, வீட்டில் செய்தால் மிளகைப் புதிதாக வறுத்துப் பொடியுங்கள்.