கணக்கு ஏறத் தாமதமா? நேரத்துக்கும் சிட்டை எழுதிப் பாருங்கள்

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லினக்ஸ் கணினி, எஸ்கியூலைட் தரவுத்தளம், பழைய ஹார்டு டிஸ்க். இரவில் அன்றைய 1,200 வரிகளை ஏற்ற இருபது விநாடிக்கு மேல் ஆகிறது. ரேமைக் கூட்டியும் பயனில்லை. சிபியு சும்மாவே இருக்கிறது. புதுக் கணினி வாங்கச் சொல்லலாமா?

பதில்: இப்போது வேண்டாம். சிபியு சும்மா இருக்கிறதென்றால் நிரல் எதற்கோ காத்துக் கிடக்கிறது. அது எதற்கென்று எஸ்ட்ரேஸ் (strace) என்ற லினக்ஸ் கருவி காட்டிக்கொடுக்கும். நிரல் இயங்குதளத்திடம் கேட்கும் ஒவ்வொரு வேலையையும், அதாவது ஒவ்வொரு ‘அழைப்பையும்’, அது பதிவு செய்கிறது.

சிட்டையும் பேரேடும் உங்கள் ஊருக்குப் புதிதல்ல. எஸ்ட்ரேஸைச் சின்ன எஃப், பெரிய டி (-f -T) என்ற விருப்பங்களோடு ஓட்டினால் சிட்டை கிடைக்கும்: ஒவ்வொரு அழைப்பும் எடுத்த நேரம் வரியின் கடைசியில் இருக்கும். சின்ன எஃப், சின்ன சி, சின்ன டபிள்யூ (-f -c -w) சேர்த்தால் பேரேடு: அழைப்புவாரியாக மொத்தம். டபிள்யூவை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் செலவிட்ட சிபியு நேரம் மட்டுமே கூட்டப்படும். நீங்கள் தேடும் காத்திருப்பு கணக்கிலேயே வராது. பலர் ஏமாறும் இடம் இது.

பேரேட்டின் உச்சியில், தகவலை வட்டில் பதியச் சொல்லும் எஃப்சிங்க் அல்லது எஃப்டேட்டாசிங்க் அழைப்பு நிற்கும் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு வரியையும் தனித்தனி இன்செர்ட் கட்டளையாக எழுதியிருப்பீர்கள். அப்போது எஸ்கியூலைட் ஒவ்வொன்றையும் தனிப் பரிவர்த்தனையாக எடுத்துக்கொண்டு, தகவல் வட்டில் பதியும்வரை காத்திருக்கும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கிறது. பதிவுக்கு இரண்டு சுற்று என்றாலே 1,200 வரிக்கு இருபது விநாடி. உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

1,200 வரிகளையும் ஒரே பரிவர்த்தனையாக, ஒரு பிகின், ஒரு கமிட் கட்டளைக்கு நடுவில் வையுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பாதிக் கணக்கு ஏறி நிற்காது. வேகத்துக்காக, வட்டில் பதியும்வரை காத்திருக்க வைக்கும் சிங்க்ரனஸ் அமைப்பை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஒரு மின்தடையில் தரவுத்தளமே சிதையக்கூடும். அடுத்தவர் வரவு செலவை நம்பி ஒப்படைத்திருக்கும் கோப்பு அது.

எஸ்ட்ரேஸ் ஒவ்வொரு அழைப்பிலும் நிரலை நிறுத்தி நிறுத்தி விடுவதால் அதுவே வேகத்தைக் குறைக்கும். எனவே கடை நேரத்தில் ஓட்டாமல், கோப்பின் நகலில் சோதியுங்கள். திருத்தியபின் மறுபடி ஓட்டிப் பாருங்கள். எஃப்சிங்க் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணுமளவு குறைந்தும் தாமதம் நீடித்தால், சிட்டையில் சரியாக ஐந்து விநாடி நிற்கும் ‘போல்’ (poll) என்ற அழைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். கணினிப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர் பதில் தராதபோது அதற்காக லினக்ஸ் வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் அது.