தவளை, பாம்பு படிக்கணும்னு பொண்ணு சொன்னா பயப்படணுமா? கோத்தகிரி அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ் முழுசா கேட்டேன். பாப்பா பிளஸ் டூ, பயோ மேத்ஸ், நீட் கோச்சிங்குக்கு கோயம்புத்தூர் அனுப்பலாம்னு நீங்க பணம் கூட எடுத்து வச்சாச்சு, இப்ப வந்து அவ தவளை பாம்பு ஓணான் இதோட வகைப்பாடுதான் படிப்பேன்னு உக்காந்துட்டா, அண்ணன் "பாம்பு பிடிக்கவா பெத்து வளத்தோம்"னு கோவிச்சுட்டு பேசறதே இல்ல.

அண்ணன் கோவத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். பாம்பு பிடிக்கறது தனித் தொழில், அதுவும் லேசுப்பட்டது இல்ல. இருளர் சமூகத்து வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சொசைட்டி சென்னை பக்கம் வடநெம்மேலில இருக்கு, அங்க எடுக்கற விஷம்தான் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகுது. ஆனா பாப்பா கேக்கறது அந்த வேலை இல்லக்கா. வகைப்பாடுன்னா எது எந்த இனம்னு பிரிச்சு அடையாளம் காட்டறது, பெரும்பாலும் டேபிள்ல உக்காந்து எண்ற வேலை. பாம்போட நடு உடம்புல செதில் எத்தன வரிசை, வயித்துச் செதில் எத்தன, வால் அடியில எத்தன, இப்படியே பொழுது போகும். தவளைன்னா மூக்கு நுனியிலருந்து பின்பக்கம் வரைக்கும் காலிப்பர் வச்சு அளக்கணும், விரலுக்கு நடுவுல ஜவ்வு எவ்வளவு தூரம் வருதுன்னு பாக்கணும், அது கத்தற சத்தத்த ரெக்கார்ட் பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டு அளக்கணும், அப்புறம் டிஎன்ஏ. தைரியசாலியான்னு பாக்கறத விட பொறுமைசாலியான்னு பாருங்க. யூடியூப்ல ராஜநாகத்த வால பிடிச்சு தூக்கறத பாத்து இந்த ஆசை வந்திருந்தா ஒரு வருஷத்துல போயிடும். போன்ல ஓணான் போட்டோ எடுத்து வச்சுட்டு இது ஏன் அந்த ஓணான் மாதிரி இல்லன்னு நோண்டிட்டே இருக்கான்னா அது சீக்கிரத்துல போகாது, நீங்க சொன்னத வச்சு பாத்தா இவ ரெண்டாவது ரகம்தான்.

இதுல படிக்க என்னதான் இருக்குன்னு கேட்டீங்க. இருவாழ்வின்னா மூணு வரிசை, அதாவது மூணு பெரிய பிரிவு: தவளை தேரை ஒண்ணு, வாலுள்ள சாலமாண்டர் ஒண்ணு, காலே இல்லாம பெரிய மண்புழு மாதிரி மண்ணுக்குள்ள இருக்கற சிசிலியன் ஒண்ணு. சாலமாண்டர் நம்ம பக்கம் கிடையவே கிடையாது, இந்தியாவுல அது டார்ஜிலிங் மாதிரி கிழக்கு இமயமலை, வடகிழக்குப் பக்கம்தான். ஊர்வனன்னா பல்லி, ஓணான், பாம்பு எல்லாம் ஒரே வரிசை, ஆமை ஒண்ணு, முதலை ஒண்ணு, அப்புறம் நியூசிலாந்துல மட்டும் மிச்சம் இருக்கற டுவாட்டாரா. முதலைக்கு நெருங்கின சொந்தம் பல்லி இல்ல, பறவைங்கதான். பதினொண்ணாவது புக்குல ஊர்வன ஒரு வகுப்பு, பறவை ஒரு வகுப்புன்னு கட்டம் போட்டிருக்கும், ஆராய்ச்சி பண்றவங்க அந்தக் கட்டத்த எப்பவோ அழிச்சு, பறவையையும் ஊர்வனக்குள்ளயே சேத்து வேற மாதிரி கோடு போட ஆரம்பிச்சுட்டாங்க. பாப்பா உங்ககிட்ட "புக்குல தப்பா இருக்கு"ன்னு சண்டை போட்டான்னீங்களே, அது இதுவாத்தான் இருக்கும். பரீட்சையில மட்டும் புக்குல இருக்கறதயே எழுதச் சொல்லுங்க.

நீலகிரியில பிறந்ததே இவளுக்கு ஒரு லாபம். உங்க டீத்தோட்டத்து வேலியில முதுகுல முள்ளு முள்ளா பச்சையா ஒரு ஓணான் உக்காந்திருக்குமே, அது நீலகிரி உயரத்து சரக்கு, கொடைக்கானல் ஆனமலை பக்கம் போனா அதோட சொந்தக்கார இனம் வேற ஒண்ணு இருக்கும். நடுவுல பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு தாழ்வா சூடா கிடக்கு, மலைக் குளிர்லயே பழகினது அதக் கடந்து போகாது, அப்படியே லட்சக்கணக்கான வருஷம் பிரிஞ்சு கிடந்து தனித்தனி இனமாயிடுச்சு. பெரிய செதில் குழிவிரியன்னு ஒரு விஷப்பாம்பு கணவாய்க்கு தெற்க பழனி மலையில கிடைக்கும், இங்க கிடைக்காது. மண்ண கிளறும்போது வரும் பாருங்க, வால் நறுக்கின மாதிரி மொட்டையா, தொட்டா கடிக்கக்கூட தெரியாத சின்னப் பாம்பு, அந்தக் குடும்பமே உலகத்துல இந்தியத் தீபகற்பத்துலயும் இலங்கையிலயும் மட்டும்தான், அதுலயும் நீலகிரிக்கு தனி இனம் பழனி மலைக்கு தனி இனம், பழனிக்காரனுக்கு 1863லயே பெடோம்னு ஒரு அதிகாரி பேரு வச்சுட்டுப் போயிட்டாரு. ராத்திரி மழையில டிங் டிங்னு கத்தற புதர்த்தவளைக்கு தலைப்பிரட்டை பருவமே கிடையாது, முட்டைக்குள்ளயே வளந்து குட்டித் தவளையா வெளிய வரும். எல்லாத்தயும் வெள்ளக்காரன் அப்பவே கண்டுபிடிச்சுட்டான்னு நினைக்காதீங்க. மண்ணுக்குள்ள வாழற ஊதாத் தவளைய 2003லதான் இடுக்கி பக்கத்துல இருந்து விவரிச்சாங்க, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிடைச்ச இன்னொண்ணுக்கு 2017ல பேரு வச்சப்போ ஆனைகட்டி சாக்கோன் பறவை ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்த பூபதி சார் பேரத்தான் வச்சாங்க.

இனி படிப்பு. பாம்பு தவளைக்குன்னு இளங்கலைல நம்ம பக்கம் தனி டிகிரி தேடாதீங்க, அப்படி ஏதாவது தனியார் இடம் பெரிய ஃபீஸ் கேட்டு ஸ்பெஷல் கோர்ஸ்னு விளம்பரம் போட்டா ரெண்டு தடவை யோசிங்க. விலங்கியல்ல பி.எஸ்சி போதும். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலயே விலங்கியலும் வனஉயிரியலும் சேந்த டிபார்ட்மென்ட் இருக்கு, ஃபீஸ் கம்மி, வீட்டுலருந்தே போய் வரலாம், சுத்தி காடு. எம்.எஸ்சிக்கு மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. காலேஜ்ல வனஉயிரியல் இருக்கு, டேராடூன்ல இந்திய வனஉயிரின நிறுவனம் இருக்கு, பெங்களூர் என்.சி.பி.எஸ். உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பாங்க, போட்டி ஜாஸ்தி. மார்க் வருதுன்னா மத்திய அரசோட அறிவியல் கல்வி நிறுவனமான ஐசர் எக்ஸாமும் எழுதட்டும், திருப்பதி, திருவனந்தபுரம் ரெண்டும் கிட்டத்துலதான். எங்க சேந்தாலும் புள்ளியியலும் அதுக்கான ஆர்ங்கற சாஃப்ட்வேரும் மேப்பிங்கும் கூடவே கத்துக்கணும், இத நான் அழுத்தியே சொல்றேன், தவளை பேரு தெரிஞ்ச பசங்க நிறைய, டேட்டாவ கையாளத் தெரிஞ்சவங்க கம்மி.

காசு விஷயத்த மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி முடிச்ச உடனே கிடைக்கறது பெரும்பாலும் புராஜெக்ட் வேலை, சம்பளம் கம்மி, ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல முடிஞ்சுடும். நெட் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப்.ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா 2023லருந்து மாசம் 37,000, கூட வீட்டு வாடகைப் படி. அத வச்சு பி.எச்டி முடிச்சு நிரந்தர வேலைன்னு உக்கார முப்பது வயசு தாண்டிடும், அதுவரைக்கும் கல்யாணப் பேச்ச எடுக்காம இருக்க உங்களால முடியுமான்னு நீங்களும் அண்ணனும் இப்பவே பேசிக்கறது நல்லது. வேற வழியும் இருக்கு: விலங்கியல் டிகிரிக்கு இந்திய வனப்பணி எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி. வனத்தொழில் பழகுநர் எழுதலாம், பி.எட் முடிச்சா டீச்சர். டாக்டர்னு பேரு வேணும்னு அண்ணன் அடம் பிடிச்சா கால்நடை மருத்துவத்த காட்டுங்க, நம்ம மாநிலத்து சீட் பிளஸ் டூ மார்க் வச்சுதான், அதுலயும் வனவிலங்கு பக்கம் போக வழி உண்டு. அவளுக்கு அது பிடிக்குமான்னு அவகிட்டதான் கேக்கணும்.

ராத்திரி காட்டுல பொம்பளப்புள்ள தனியான்னு கேட்டீங்க. யாருமே தனியா போறதில்லக்கா. தவளை ராத்திரிதான் கத்தும், அதனால ராத்திரி வேலை உண்டு, ஆனா வனத்துறை அனுமதி வாங்கி டீமா, வழி தெரிஞ்ச உள்ளூர் ஆளோடதான் போவாங்க. நம்ம பக்கம் பயப்பட வேண்டியது காட்டெருமைக்கும் யானைக்கும்தான், அது உங்க தோட்டத்துலயும்தான் வருது. ஒரே ஒரு கண்டிஷன் மட்டும் போடுங்க: வீட்டுக்குள்ள பாம்பு வந்தா வனத்துறைக்கு போன், அவ கை வைக்கக் கூடாது. வனஉயிரினச் சட்டப்படி பாம்ப பிடிக்கறதும் பாட்டில்ல வச்சு வளக்கறதும் குத்தம், கேஸ் ஆச்சுன்னா அரசு வேலைக்கே ஆப்பு.

இந்த தென்மேற்கு மழை முடியறதுக்குள்ள வீட்ட சுத்தி கேக்கற தவளைச் சத்தத்த எல்லாம் போன்ல ரெக்கார்ட் பண்ணி தேதி, நேரம், மழையா இல்லையா, எந்தச் செடின்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க, எதயும் தொடாம. காலாண்டு மார்க் ஷீட்டும் அந்த நோட்டும் எடுத்துட்டு மூணு பேரும் ஒரு சனிக்கிழமை குன்னூர் வாங்க, அண்ணனையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க.