கல்சியம் 15 என்றால் ஏன் முதலில் சேலைன்?

அம்மாவுக்கு இரத்தத்தில் கல்சியம் 15, மாறாட்டமாகக் கதைக்கிறா, வார்டில் சேலைன் மட்டும்தான் ஏற்றுகினம் என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான், அதுதான் முதல் மருந்தே. டெசிலீற்றருக்கு 14 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீர் கணக்கில்லாமல் போய் உடம்பு வறண்டுவிடும், வறண்டால் சிறுநீரகம் கல்சியத்தை வெளியேற்றாது, அது இன்னும் ஏறும்; சேலைன் இந்தச் சுற்றைத்தான் உடைக்கிறது. கல்சிற்றோனின் ஊசி 4–6 மணித்தியாலத்தில் கொஞ்சம் இறக்கும், இரண்டு நாளில் அதன் வேகம் குறைந்துவிடும். அப்புறம் பிடித்து நிறுத்துவது சொலெட்ரோனிக் அமிலம், எலும்பிலிருந்து கல்சியம் கரைவதைத் தடுக்கிற மருந்து. சிறுநீரகம் தாங்குமென்றால் 4 மில்லிகிராம் ஏற்றுவார்கள், வேலை செய்ய 2–4 நாள் பிடிக்கும். சிறுநீரகம் நன்றாகப் பழுதென்றால் டயாலிசிஸ் தேவைப்படலாம்.

கிளினிக் கொப்பியையும் வீட்டில் கிடக்கிற குளிசைகள் எல்லாவற்றையும் டொக்டரிடம் காட்டுங்கோ. விற்றமின் டி மட்டுமில்லை, பிறசருக்குப் போடுகிற தயசைட் குளிசையும் கல்சியத்தைக் கூட்டும்.